ஞாயிற்றுக்கிழமை மருத்துவரும் மற்ற ஆறு நாட்களும்

புனேயைச் சுற்றியுள்ள மலைத் தாலுக்காக்களில், முல்ஷி, வேல்ஹே, போர், ஆம்பேகாவ் என்று எதை எடுத்துக்கொண்டாலும், ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் பழகிப்போன காட்சி. ஜில்லா பரிஷத் பள்ளி வராந்தாவில் மேஜைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கும். மருத்துவர்களின் பெயரைவிட, செலவை ஏற்றவரின் படம் அதில் பெரிதாக இருக்கும். பெயர் எழுதிச் சீட்டு கொடுக்க ஒரு கல்லூரி மாணவி, பி.பி. பார்க்க இன்னொருவர், உள்ளே இரண்டு மூன்று மருத்துவர்கள், கடைசி மேஜையில் மாத்திரை. வருகிறவர்களில் பெண்களே அதிகம். முழங்கால் வலி, இடுப்பு வலி, தலைசுற்றல், உள்ளங்கால் எரிச்சல். மழைக்காலம் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்டு, கோடையில் மேட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் உடம்புகள் அவை. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் வலிக்கு ஒரு தைலமும் கிடைக்கும். மாத்திரையில் திருப்தியடையாத கிழவிகள் ஊசி கேட்பார்கள். சலைன் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்ற நம்பிக்கை மகாராஷ்டிரக் கிராமங்களில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அதை ஊன்றியதில் தாலுக்கா ஊர்களின் தனியார் டாக்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் அனந்த் பட்கே சதாரா மாவட்டத்தின் மருந்துப் பயன்பாட்டை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட நூல், தேவையில்லாத மருந்துகள் எவ்வளவு தாராளமாக எழுதப்படுகின்றன என்பதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது.

இந்த முகாம்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கண்புரையைக் கண்டுபிடித்து, வண்டி ஏற்றி அழைத்துப்போய், அறுவை முடித்துக் கொண்டுவந்து விடுகிற முகாம், அந்தக் கிழவரின் மீதி வாழ்நாளை மாற்றிவிடுகிறது. ஒருமுறை செய்தால் முடிந்துபோகிற வேலைக்கு முகாம் மிகவும் ஏற்றது. சிக்கல் மற்றவற்றில்தான். சர்க்கரை 280 என்று தெரியவந்த ஒருவருக்குப் பதினைந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பதினாறாம் நாள் அவர் என்ன செய்வார்? அடுத்த முகாம் எந்த ஊரில், எந்த மாதம் என்பது பேனரில் படம் போட்டவருக்கே தெரியாது. பிரசவ வலியும் குழந்தையின் மூச்சிரைப்பும் பாம்புக்கடியும் விடுமுறை நாள் பார்த்து வருவதில்லை. செந்தேள் கொட்டியவர்களுக்குப் பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை உயிர் கொடுக்கும் என்று கண்டறிந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கொங்கணத்தில் மகாட் அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர். நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் பட்ட உண்மை அது. வந்துபோகிற எந்த நிபுணருக்கும் அது பட்டிருக்காது.

ஏழைக் கிராமங்களுக்கான இலவச மருத்துவமனை என்றதும் நம் மனத்தில் எழும் உருவம், தன் நேரத்தைத் தானமாகத் தரும் நகரத்து மருத்துவர். புனேயும் அதைச் சுற்றிய மகாராஷ்டிரமும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையைப் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. அந்த அனுபவத்தைத் தொடர்ந்து பார்த்தால், மருத்துவரின் தானம் பலித்த இடத்திலெல்லாம் அவருக்கு முன்னால் ஊருக்குள்ளேயே ஒரு பெண் நின்றிருப்பது தெரியும். அவளுடைய நேரத்துக்கு யாரும் விலை வைத்ததில்லை என்பதும் தெரியும்.

முதல் உதாரணம் 1897. பம்பாயில் தொடங்கிய பிளேக் புனேக்குப் பரவியிருந்தது. ஆங்கில அதிகாரி ராண்ட் தலைமையிலான பிளேக் குழு, சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டதும், சாபேகர் சகோதரர்கள் ஜூன் 22 அன்று அவரைச் சுட்டதும் பள்ளிப் பாடத்தில் உண்டு. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் ஒரு மருத்துவமனை நடந்தது. நடத்தியவர்கள் சாவித்ரிபாய் புலேயும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும். கணவர் ஜோதிராவ் இறந்து ஆறாண்டு ஆகியிருந்தது. சாவித்ரிபாய்க்கு அறுபத்தாறு வயது. மகன் ஓரிடத்தில் இருந்து வைத்தியம் பார்த்தார். சேரிகளுக்குப் போய் நோயாளிகளைத் தேடி அழைத்துவந்தவர் தாய். முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் கிடந்த ஒரு சிறுவனை முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். சாவித்ரிபாயை முதல் ஆசிரியையாகக் கொண்டாடும் நாம், இந்தக் கடைசி வேலையை ஒரு தியாகக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். நடைமுறையாகப் பார்த்தால் அது ஒரு வேலைப் பங்கீடு. சிப்பாய் கதவைத் தட்டினால் நோயாளியை ஒளித்துவைத்த ஊரில், பெற்ற பிள்ளையைச் சாவித்ரிபாயிடம் ஒப்படைத்தார்கள்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1912-இல் தொடங்கிய கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனை, கே.இ.எம்., புனேயின் ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலையில் இருக்கிறது. தமிழர் எவருக்கும் அந்தப் பெயர்ப்பலகையில் ஒரு கணம் கண் நிற்கும். 1944-இல் பானூ கோயாஜி என்ற இளம் பெண் மருத்துவர், கணவரின் அண்ணன் மருத்துவர் எதுல்ஜி கோயாஜி கேட்டுக்கொண்டதற்காக, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே வந்தார். அப்போது அது நாற்பது படுக்கைகள் கொண்ட பேறுகால மருத்துவமனை. கொஞ்ச நாள் என்பது அரை நூற்றாண்டாக நீண்டது. மருத்துவமனை ஐந்நூறு படுக்கைகளைத் தாண்டி வளர்ந்தது. பிரசவம் சிக்கலாகி, மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் கடைசி நேரத்தில் வந்து சேரும் கிராமத்துப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் அவர். படுக்கைகளைக் கூட்டுவதால் இவர்கள் பிழைத்துவிட மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

1972-இல் கே.இ.எம். வடு புத்ருக் கிராமத்துக்குப் போனது. புனேக்கு வடகிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டர். சம்பாஜியின் சமாதி இருக்கும் ஊர். 1818 ஜனவரி 1 போர் நடந்த கோரேகாவ் பீமா பக்கத்திலேயே. இன்று சணஸ்வாடி, ஷிக்ராப்பூர் பக்கமெல்லாம் தொழிற்சாலைகளும் வடநாட்டுத் தொழிலாளர்களுமாக இருக்கிற அந்த வட்டாரம் அன்று வறண்ட சோளக்காடு. 1972 மகாராஷ்டிரத்தில் கொடும் பஞ்ச ஆண்டும்கூட. கோயாஜி அங்கே தனியாக ஒரு தரும ஆஸ்பத்திரி கட்டிக்கொள்ளவில்லை. அரசின் சுகாதார அமைப்போடு சேர்ந்தே வேலையைத் தொடங்கினார். இது சின்ன முடிவு போலத் தோன்றும். ஆனால் தன்னார்வ மருத்துவமனைகள் பெரும்பாலும் அரசு நிலையத்துக்குப் போட்டியாகவே நடக்கின்றன. ஒன்றின் சீட்டை இன்னொன்று மதிப்பதில்லை, ஒன்று எழுதிய மருந்து இன்னொன்றில் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நோயாளி அலைகிறார். வடுவில் அந்த அலைச்சலைத் தவிர்க்கப் பார்த்தார்கள்.

இரண்டாவது முடிவு 1977-இல். கிராமங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அடிப்படைப் பயிற்சியும் ஒரு மருந்துப் பெட்டியும் கொடுத்து, சுகாதாரப் பணியாளர்களாக்கினார் கோயாஜி. நூற்றுக்கணக்கானவர்கள் இப்படிப் பயிற்சி பெற்றார்கள். குடிநீர், சத்துணவு, கர்ப்பிணி கவனிப்பு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வடு மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் இந்த ஏற்பாட்டில் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டார். முதல் வரிசையில் முடிகிற காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அங்கேயே முடிந்தன. முடியாதவை மேலே வந்தன. அங்கும் முடியாதவை புனேக்குப் போயின. 1993-இல் கோயாஜிக்கு மக்சேசே விருது கிடைத்தது. 2004-இல் காலமானார்.

வடுவின் பிற்காலத்தில் நெருடலான ஒரு பக்கமும் உண்டு. 2002 முதல் அந்த வட்டாரத்தின் 22 கிராமங்களில் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் குடிபெயர்வையும் வீடு வீடாகப் பதிவு செய்யும் ஏற்பாடு நடந்துவருகிறது. நம் நாட்டில் இப்படிப்பட்ட பதிவேடு அபூர்வம். அதனாலேயே அது ஆராய்ச்சிக்கும் வாகான இடமாயிற்று. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். புனேயின் பங்கு கே.இ.எம். வழியாக இங்கேதான் நடந்தது. அந்த மருந்து பிறகு அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போயிற்று. லாபம் நாட்டுக்கு; சந்தேகமில்லை. ஆனால் இலவசமாக வைத்தியம் பார்த்த கைகளே சம்மதப் படிவத்தையும் நீட்டும்போது, மாட்டேன் என்று சொல்வது ஒரு தாய்க்கு எவ்வளவு சுலபம் என்ற கேள்வியை நெறிமுறைக் குழுக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நன்றிக்கடன் நம் ஊர்களில் கனமான பொருள்.

வடுவுக்கு இரண்டாண்டு முன்பே, அன்றைய அகமதுநகர் மாவட்டத்தின் ஜாம்கேட்டில் இன்னும் துணிச்சலான ஒன்று தொடங்கியிருந்தது. ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே இருவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அங்கேதான் ஒருவரையொருவர் அறிந்தார்கள். அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு 1970-இல் ஜாம்கேட்டுக்கு வந்தார்கள். பயன்படாமல் கிடந்த ஒரு கால்நடை மருந்தகக் கட்டடத்தில் வைத்தியம் ஆரம்பமானது. அப்போது அந்த வட்டாரத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன.

ஆரோலே தம்பதியரின் முதல் திட்டம் தோற்றது. பயிற்சி பெற்ற நர்சுகளைக் கிராமங்களில் தங்கவைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த, தனியாக வாழ்கிற, வேறு மாதிரிப் பேசுகிற இளம் பெண்களை ஊர் ஏற்கவில்லை. ஊரும் அவர்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. அந்த ஊர்ப் பெண்களையே தயார்செய்யலாமே என்ற யோசனை கிராமத்துக்குள்ளிருந்தே வந்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் ஊரிடமே விட்டார்கள். வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் தலித்துகள், கணவனால் கைவிடப்பட்டவர்களும் இருந்தார்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, ஒன்றாகத் தங்கி, ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்லி, புதிதாக ஒன்றைக் கற்றுப்போனார்கள். உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் எந்த அளவில் கலப்பது, பிரசவத்துக்கு எதையெல்லாம் கொதிக்கவைப்பது, தொப்புள்கொடியை எதனால் வெட்டுவது, குழந்தையின் புயத்தைச் சுற்றளந்து சத்துக்குறைவை எப்படிக் கண்டுகொள்வது என்று. கூடவே, வெவ்வேறு சாதிப் பெண்கள் ஒரே கூரைக்கடியில் படுத்து, சேர்ந்து சமைத்ததைச் சாப்பிடவும்.

பஞ்ச காலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும்போது இடங்களைத் தலித் குடியிருப்புகளுக்குள் பார்த்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மற்றவர்கள் அங்கே வர வேண்டும். இதை மருத்துவம் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தை சாவதற்குக் கிருமியோடு சேர்ந்து யாருடைய கிணற்றில் யார் மொள்ளலாம் என்ற விதியும் காரணமாயிருந்த ஊரில், அந்த வைத்தியம் மாத்திரைக்கு முந்தி நிற்க வேண்டியது. 1990-களில் ஜாம்கேட் வட்டாரத்தின் சிசு இறப்பு விகிதம் முப்பதுக்குக் கீழே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1975-இல் பல நாடுகளின் மக்கள் சுகாதார முயற்சிகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் ஜாம்கேட்டும் இடம்பெற்றது. 1978-இன் அல்மா அட்டா பிரகடனத்துக்கு வழிகோலிய அனுபவங்களில் அதுவும் ஒன்று.

கிராமத்துப் பெண்ணின் கையில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை எல்லைவரை சோதித்தவர்கள் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங். பிறந்த குழந்தையின் மூச்சை எண்ணி, உடல் சூட்டைப் பார்த்து, ரத்தத்தில் கிருமி பரவிய அறிகுறி தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசி போடவும் கிராமப் பெண்களைப் பழக்கினார்கள். ஊசி என்றதும் மருத்துவ உலகில் எழுந்த முணுமுணுப்புக்கு, 1999-இல் லான்செட் இதழில் வந்த முடிவு பதில் சொன்னது: பச்சிளம் சிசு இறப்பு விகிதம் 62-லிருந்து சுமார் 25-ஆகக் குறைந்திருந்தது.

நகரத்துத் தன்னார்வலருக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. புனேயின் மைத்ரி அமைப்பைச் சொல்லலாம். மத்தியப் பிரதேச எல்லையில் உள்ள மேல்காட்டில் கோர்க்கூ பழங்குடிக் குழந்தைகளின் சாவு செய்தியான 1997-இல் தொடங்கியது அது. அங்கே குழந்தைச் சாவு மழைக்காலத்தில்தான் உச்சத்துக்குப் போகும்: பாதை துண்டிக்கப்படும், வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும், தாய் வயலுக்குப் போயிருப்பாள், நிமோனியாவும் பேதியும் ஒன்றாக வரும். அந்த மாதங்களில் புனேயிலிருந்து தன்னார்வலர்கள் அணி அணியாகப் போய்க் கிராமங்களிலேயே தங்குகிறார்கள். மருத்துவர் அல்லாதவர்களும் உண்டு. வீடு வீடாகப் போய் மூச்சிரைக்கும் குழந்தையை அடையாளம் காணவும் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை முகாம் தன்னார்வலரின் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்கிறது. இது நோயின் பருவத்தைப் பார்த்து நாள் குறிக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு தன்னார்வ மருத்துவமனையை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்: நாள் குறிப்பது யார்?

இந்த முயற்சிகளை அரசு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1977 அக்டோபர் 2 அன்று ஜனதா அரசு, ஆயிரம் பேருக்கு ஒரு சமுதாய சுகாதாரப் பணியாளர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் ஐம்பது ரூபாய். தேர்வு ஊர்ப் பெரியவர்கள் கைக்குப் போனதால் பெரும்பாலும் ஆண்களே அமர்த்தப்பட்டார்கள். பிரசவமும் பச்சைக் குழந்தையும் அவர்களுக்கு எட்டாத உலகம். பின்னர் தன்னார்வலர் என்று பெயர் மாறியது, அதற்கும் பின்னர் வழிகாட்டி என்று. ஐம்பது ரூபாய் அப்படியே நின்றது. திட்டம் மெல்லத் தேய்ந்தது.

ஜாம்கேட்டின் பாடம் 2005-இல்தான் டெல்லியின் காதில் முழுதாக விழுந்தது. தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர் கட்டாயம் பெண். அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவராக இருப்பது விரும்பத்தக்கது. கட்சிரோலி முறையும் 2011 முதல் அவர்கள் வேலையில் சேர்ந்தது. இன்று நாடு முழுக்கப் பத்து லட்சம் பேர். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. ஆனால் பதிவேட்டில் அவர்கள் இன்னும் தன்னார்வலர்களே. சம்பளம் கிடையாது, வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகைதான். கிராமத்துப் பெண் ஒருத்தியைக் கர்ப்பம் முழுக்கக் கவனித்து மருத்துவமனையில் பிரசவம் பார்க்கவைத்தால் 600 ரூபாய். பிறந்த குழந்தையை 42 நாளில் ஆறேழு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 250.

ஜாம்கேட்டில் இருந்த ஒன்று இந்த நகலில் விடுபட்டுப்போனது. அங்கே அந்தப் பெண்கள் வாரம் ஒருமுறை கூடினார்கள். சந்தேகம் கேட்க, கோபப்பட, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஓர் இடம் இருந்தது. ஆஷாவுக்குக் கூட்டம் என்றால் படிவம் ஒப்படைக்கும் கூட்டம். துணை தேடியவர்கள் தொழிற்சங்கத்தில் தேடினார்கள். 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் மகாராஷ்டிர ஆஷாக்கள் வேலைநிறுத்தம் செய்து மும்பை ஆசாத் மைதானத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2024 மார்ச்சில் மாநில அரசு மாதம் 5,000 ரூபாய் கூட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டது. கெஞ்சிப் பெற்றதல்ல அந்தத் தொகை. கிராமங்களில் தடுப்பூசிப் பதிவேடுகள் நின்றுபோனபோது பெற்றது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான், அத்தியாயங்கள் வேறு. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை, உள்ளூர் மலைவாழ் பெண்களையே செவிலியராக்கி வளர்ந்தது. பதினாறாம் நாள் மாத்திரைக்கான பதிலைத் தேடி, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண். ஐ.நா. விருது பெற்ற திட்டம். தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு மாதம் 4,500 ரூபாய்; அவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்தான்.

முகாமுக்குப் போகும் புனே மருத்துவர்களில் சிலர் இப்போது முந்தின வாரமே ஆஷாவை அழைத்துப் பேசுகிறார்கள். யாரைக் கட்டாயம் கூட்டிவர வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். புதிதாகச் சர்க்கரையோ அழுத்தமோ கண்டுபிடிக்கப்பட்டவர்களின் பட்டியலை அவரிடம் ஒப்படைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மருந்தையே எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த நோயாளியை அவர் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து, மருந்து விடாமல் சாப்பிடச் செய்தால், மத்திய அரசின் ஊக்கத்தொகைப் பட்டியலில் ஓர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டிருக்கிறது.